மாடுகள் ஒதுங்காத ஹாரன்

வண்டியை நிறுத்தியதும் சிங்காரவேல் வீட்டுக்குள் வரமாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் பக்கத்தில் குந்தி உட்காருவார். சூடான இரும்பு ஆறும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்பார். முதலில் வேகமாக வரும். பிறகு இடைவெளி விட்டு வரும். அப்புறம் நின்றுபோகும். நின்ற பிறகுதான் எழுந்து கால் கழுவுவார். பதினெட்டு வருடமாகக் காந்திமதி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில், மனுஷருக்குத் தலை சுற்றுகிறதோ என்று பயந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இப்போதெல்லாம் வண்டி நிற்கிற சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். எஞ்சின் ஆறவும் கல் காயவும் சரியாக இருக்கும்.

"அப்படி என்னங்க பேசுது அது உங்ககிட்ட?"

"நேத்தவிட இன்னிக்கு நாலு டிக்கு கூட. ஆயில் மாத்தணும்."

வண்டி தொண்ணூற்று நான்காம் வருடத்து நூறு சிசி. கம்பெனிக்காரன் கொடுத்த பாகம் என்று அதில் இப்போது மிச்சமிருப்பது சேசிஸும் டேங்க்கும்தான். மற்றதெல்லாம் பண்ருட்டி பழைய இரும்புக் கடைகளிலிருந்தும், சிங்காரவேலின் மூளையிலிருந்தும் வந்தவை. பதினோராவது பிளாக்கில் அவருடைய குவார்ட்டர்ஸ் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் அங்கேதான் கிடப்பார். படித்தது பத்தாவது. அப்பா நிலக்கரி மைன்ஸுக்கு நிலம் கொடுத்ததில் வந்த வேலை, பெல்ட் பிரிவில் டெக்னீஷியன். அது சம்பளத்துக்கு. சாய்ப்பில் நடப்பதுதான் அவருக்கு வேலை.

அங்கே பிறந்தவை எல்லாமே நன்றாகப் பிழைத்தன என்று சொல்ல முடியாது. வண்டி பேட்டரியிலிருந்து செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற ஒரு பெட்டி செய்தார். காந்திமதியின் போன் குறிஞ்சிப்பாடி போய்ச் சேர்வதற்குள் அவள் கைப்பையிலிருந்து சுட்ட முந்திரிக்கொட்டை வாசம் வந்தது. மழைக்குக் கூரை போட்டார். பழைய குடைக் கம்பியும் யாரோ வீசிய கல்யாண பேனரும் சேர்த்து. ஆர்ச் கேட் தாண்டியதும் காற்று அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது. முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளை சிரித்த முகமாக மரத்துக்கு மேல் பறந்துபோனதை அந்தப் பக்கம் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். பின்சீட்டில் இரண்டு பலாப்பழம் வைத்துக் கட்டுகிற கேரியர் செய்தார். முதல் வேகத்தடையிலேயே ஒரு பழம் இறங்கி உருண்டு, டிக்கெட் எடுக்காத பயணியைப் போலப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்குள் போய்விட்டது.

ஆனால் சைடு ஸ்டாண்ட் எடுக்காமல் வண்டி கிளப்பினால் கத்துகிற பஸ்ஸர் அப்படியல்ல. அது பிளாக்கில் இருபது வண்டிகளில் இன்றைக்கும் கத்திக்கொண்டிருக்கிறது. யாரிடமும் அதற்கு அவர் எதுவும் வாங்கியதில்லை. "நல்லா சத்தம் வருதா?" என்று மட்டும் கேட்பார். சத்தம் என்றால் அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு.

அந்தக் கிறுக்குதான் ஹாரனில் கொண்டுபோய் விட்டது.

டவுன்ஷிப்பில் ரோடு மனிதர்களுக்காகப் போட்டது என்றாலும், மதியம் இரண்டு மணிக்கு அதில் படுத்திருப்பவை மாடுகள். முதல் ஷிப்ட் விட்டு வருகிற நேரம். பசி வேறு. எத்தனை ஹாரன் அடித்தாலும் அவை காதைக்கூட அசைக்காது. மாட்டுக்குப் பயந்து மனிதன் சுற்றிக்கொண்டு போவதா என்று சிங்காரவேலுக்கு ரோஷம் வந்தது. எந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிக்காமல் ஒதுங்குவார்கள் என்று யோசித்தார். இந்த ஊர்க்காரருக்கு அதற்குப் பதில் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. மைன்ஸில் பெல்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஹூட்டர் ஊதும். பெல்ட் என்றால் கிலோமீட்டர் கணக்கில் நிலக்கரி சுமந்து போகிற ரப்பர் பாதை. அதன் அடியில் கொட்டிக்கிடக்கும் கரியை வாரிப்போட எப்போதும் ஆட்கள் மண்வெட்டியோடு குனிந்திருப்பார்கள். ஹூட்டர் அரை நிமிடம் ஊதும். அதற்குள் ஒதுங்கிவிட வேண்டும். ஒதுங்காதவன் கதையை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்தச் சத்தத்தை வண்டிக்குக் கொண்டுவர அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. லாரி ரிவர்ஸ் ஹாரன் ஒன்று, பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்று, மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் ஒன்று. தினமும் ஷிப்டில் அசல் ஹூட்டரைக் காதில் வாங்கிக்கொண்டு வருவார். வந்து இங்கே ஒரு திருகைத் திருகுவார். ஆரம்பத்தில் ஆடு மாதிரி கத்தியது. பிறகு ஆம்புலன்ஸ் மாதிரி. ஒரு லீவு நாள் காலை பதினொரு மணிக்கு அது சரியாக வந்தது. அடுத்த குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த சோமசுந்தரம் கட்டிலிலிருந்து உருண்டு, லுங்கியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடி வந்தார்.

"யோவ் சிங்காரம்! எவன்யா அது பெல்ட்ட வூட்டுக்குள்ள ஓட்றது?"

கோபமாகக் கேட்டதுதான். சிங்காரவேல் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளே வண்டியில் மாட்டிவிட்டார். ஹெட்லைட் மூடிக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில். ஷிப்ட் முடிந்து வாய்க்கால் ஓரமாக வந்துகொண்டிருந்தார். முன்னால் மூன்று மாடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கும் இவருக்கும் நடுவில் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்தது. வைத்திலிங்கம். இவர் பிரிவில்தான், பெல்ட்டுக்கு அடியில் கரி வாருகிற ஒப்பந்தத் தொழிலாளி. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வைத்திலிங்கத்தின் அப்பா அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். மைன்ஸ் வந்தபோது கொடுக்க நிலமில்லை. அதனால் பர்மனென்ட்டும் இல்லை.

சிங்காரவேல் மாடுகளைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தினார்.

மாடுகள் ஒதுங்கவில்லை. வைத்திலிங்கம் ஒதுங்கினார். ஒதுங்கினார் என்பது போதாது. சைக்கிளை அப்படியே ஓட விட்டுவிட்டு இடது பக்கம் ஒரே தாவாகத் தாவினார். திரும்பிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. அந்த உடம்பு இருபத்திரண்டு வருடமாகப் பழகிய தாவல் அது. மைன்ஸில் அந்தப் பக்கம் நடைமேடை இருக்கும். இங்கே வாய்க்கால் இருந்தது.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் சிங்காரவேலின் மனதில் வந்தது பதற்றமல்ல. 'சத்தம் சரியாக வந்துவிட்டது' என்பதுதான் வந்தது. சந்தோஷமாகவே வந்தது. பிறகு எத்தனையோ முறை அந்த நொடியை அவர் வேறு மாதிரி நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறார். முடியவில்லை.

இறங்கித் தூக்கினார். இடுப்பளவு தண்ணீர். மணிக்கட்டு பிசகியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வைத்திலிங்கம் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சார், ஹூட்டரு ஊதிச்சே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அதற்குள் ரோட்டில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். சிங்காரவேல் வாயைத் திறந்தார்.

"இல்லியே அண்ணே."

நாளைக்குத் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். வைத்திலிங்கத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். சாயங்காலம் ஹாரனின் ஒயரை வெட்டிக் கழற்றி, சாக்கில் சுருட்டி, சாய்ப்பின் மேலே போட்டார். காந்திமதி பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்காமல் அவளிடம் சொன்னார், அந்த ஒரு நொடியைத் தவிர.

"இப்பவே போயி சொல்லிட்டு வாங்க. திட்டுவாரு, அவ்ளோதான?"

"நாளைக்கு சொல்றேன்."

மறுநாள் வைத்திலிங்கம் கையில் கட்டோடு வேலைக்கு வந்தார். வந்தவர் கேன்டீனில் எல்லோரிடமும் அவரே சொல்லிவிட்டார். ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன், காதில் ஹூட்டர் கேட்டது, குதித்துவிட்டேன் என்று. கூட வேலை செய்யும் இளம்பரிதிக்குப் போதாதா?

"அப்ப வூட்லயும் கேக்குதாண்ணே? அண்ணி கொழம்ப எறக்கினா ஊதுமா, ஏத்தினா ஊதுமா?"

"டேய், அவ வாயத் தொறந்தாலே ஊதுதுடா," என்று வைத்திலிங்கம் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரவேலும் சிரித்து வைத்தார். இத்தனை பேர் சிரித்த பிறகு உண்மையைச் சொன்னால் அது வைத்திலிங்கத்தை இன்னும் கேலிப்பொருள் ஆக்குமோ என்று ஒரு சாக்கு கிடைத்தது. சாக்கு தேடுகிறவனுக்கு ஊரெல்லாம் சாக்கு.

கை பத்து நாளில் சரியாகிவிட்டது. சரியாகாதது வேறு ஒன்று. வைத்திலிங்கம் பெல்ட்டுக்கு அடியில் குனிந்திருக்கும்போது ஹூட்டர் ஊதினால் இப்போது உடனே நகர்வதில்லை. நிமிர்ந்து, பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் நகர்ந்தால் இவர் நகர்வார். அசல் ஹூட்டரா, தன் காதுக்குள் ஊதுகிற ஹூட்டரா என்று அவருக்குச் சந்தேகம். மற்றவர்கள் இதைக் கவனிக்கவில்லை. சிங்காரவேல் கவனித்தார். கவனித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வைத்திலிங்கம் தனியாகக் குனிந்திருந்தார். பார்ப்பதற்குப் பக்கத்தில் முகமே இல்லை. ஹூட்டர் ஊதியது. அவர் நிமிர்ந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தலையை இரண்டு முறை உதறினார். மறுபடி குனிந்து மண்வெட்டியைப் போட்டார்.

ஐம்பது அடி தள்ளி நின்ற சிங்காரவேல் கத்தினார். ஹூட்டர் சத்தத்தில் அவர் குரல் எங்கே கேட்கும்? பெல்ட் ஓரமாக நெடுக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யாரும் இழுக்கலாம், இழுத்தால் பெல்ட் கிளம்பாது. ஆனால் இழுத்தவன் காரணம் சொல்லவேண்டும். சிங்காரவேல் இழுத்தார்.

"என்ன ஆச்சு, ஏன் இழுத்தீங்க?" என்று ஓடி வந்தார் என்ஜினியர் அருண்ராஜ். சின்ன வயது. உற்பத்தி நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் மேலே பதில் எழுதவேண்டியவர்.

"பெல்ட்டு ஓரத்துல கிழிசல் மாதிரி தெரிஞ்சுது சார்."

தேடினார்கள். கிழிசல் இல்லை. அருண்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே போனார். வைத்திலிங்கம் மட்டும் மண்வெட்டியைப் பிடித்தபடி பெல்ட்டையும் கயிற்றையும் சிங்காரவேலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. பாதி மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பை நிறைய முந்திரிப்பருப்போடு அவர் பதினோராவது பிளாக்குக்கு வந்தார். நாற்காலி போட்டும் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"நீங்க அன்னிக்கு இழுக்கலைன்னா எம் பொஞ்சாதி மாணிக்கத்துக்குத் தாலி கெடையாது சார். எனக்காகப் பொய்யும் சொன்னீங்க."

"அண்ணே, அது வந்து..."

"கடலூருக்குப் போயி காத காட்டினு வந்தேன் சார். மிசின் வெச்சிப் பாத்தாங்க. காது கண்ணாடி மாதிரி கீதாம். ஒரு கோளாறும் இல்லியாம்." காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "காதுல இல்லைன்னா, அப்ப எங்க சார் கோளாறு?"

காந்திமதி காபி டம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். கணவர் முகத்தையே பார்த்தாள். சிங்காரவேல் தரையைப் பார்த்தார். தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாக்கியம் சொன்னால் எழுந்து நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் அந்த வாக்கியத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். உயிரைக் காப்பாற்றினார் என்று அவர் கும்பிடுகிற ஆள்தான் அந்த உயிரை அங்கே கொண்டுபோய் வைத்தவன் என்பது.

வைத்திலிங்கம் போன பிறகு காந்திமதி பையைப் பிரிக்கவில்லை.

"சொன்னீங்களா?"

"அவரு பேசிக்கினே இருந்தாரு."

"உங்க வாய்க்கு யாரு பூட்டுப் போட்டது?"

அதற்குப் பிறகு சிங்காரவேல் ஒரு வழி செய்தார். எந்தப் பழுது வந்தாலும் அதைச் சுற்றி வேறு ஒன்றைப் பொருத்திச் சமாளிப்பதுதானே அவர் வழக்கம்? ஹூட்டர் ஊதும்போதெல்லாம் வைத்திலிங்கம் இருக்கும் இடத்துக்கு ஓடுவார். கண்ணில் படும்படி நின்று கையைத் தூக்கி, "ஹூட்டரு!" என்று கத்துவார். வைத்திலிங்கம் தலையாட்டிவிட்டு ஒதுங்குவார். வேறு யார் முகத்தையும் இப்போது அவர் பார்ப்பதில்லை. தன் காதை விட்டுவிட்டு சிங்காரவேலின் காதை நம்பத் தொடங்கிவிட்டார்.

"ஹூட்டருக்கே ஹூட்டரா சார் நீங்க? தனி அலவன்ஸ் கேளுங்க," என்றான் இளம்பரிதி.

நான்கு மாதம் இப்படி ஓடியது. சாய்ப்பில் வேலை எதுவும் நடக்கவில்லை. ஷிப்டில் இருக்கும்போது வைத்திலிங்கம் எங்கே குனிந்திருக்கிறார் என்பதிலேயே கண்ணாக இருந்தார் சிங்காரவேல். லீவு போட பயந்தார். மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு காந்திமதி தனியாகத்தான் போய் வந்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை புதிய ஷிப்ட் பட்டியல் ஒட்டினார்கள். திங்கள் முதல் சிங்காரவேல் இரண்டாம் ஷிப்ட். வைத்திலிங்கம் முதல் ஷிப்டிலேயே.

சிங்காரவேல் அருண்ராஜிடம் போய் நின்றார். "சார், என்ன மட்டும் மாத்தாம விடுங்களேன்."

"காரணம் சொல்லுங்க, பாக்கறேன்."

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. "வூட்ல கொஞ்சம் கஷ்டம் சார்," என்றார்.

"எல்லாருக்கும் வூட்ல கஷ்டம்தான் சார்."

இனி தப்பிக்க வழி இல்லை. திங்கட்கிழமை காலை ஹூட்டர் ஊதும்போது, கைதூக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். சனிக்கிழமை முழுக்க என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். 'அண்ணே, உங்க காதுக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கு ஊதினது என் வண்டி.' பத்து வார்த்தைகூட இல்லை. ஞாயிறு காலை சாக்கைப் பிரித்து, அந்த ஹாரனையும் எடுத்து வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நம்பாவிட்டால் காட்டலாம்.

வைத்திலிங்கத்தின் வீடு குறிஞ்சிப்பாடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காலனியின் கடைசித் தெருவில் இருந்தது. சிங்காரவேலைப் பார்த்ததும் மாணிக்கம்மாள் முந்தானையால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வைத்திலிங்கம் முகம் என்றைக்கும் இல்லாமல் தெளிவாக இருந்தது.

"நானே உங்க வூட்டுக்கு வரலாம்னு கீறேன் சார். பெல்ட்டு வேலைய வுட்டுட்டேன்."

"என்னது?"

"நேத்தே கையெழுத்து போட்டாச்சு. டவுன்ஷிப்புல கன்னுப் பண்ண கீதில்ல, நர்சரி, அங்க தண்ணி ஊத்தற வேல. நீங்க ஷிப்டு மாறிட்டீங்கன்னா யார நம்பி நான் கீழ எறங்கறது? எம்மவ கொழுந்தன் ஒருத்தன் சும்மா சுத்தினு இருந்தான். அவன் நாளைக்கு எம் எடத்துல ஏர்றான். நம்ம பையன்தான், நல்லாருக்கட்டும்."

சிங்காரவேல் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "பர்மனென்ட் லிஸ்ட்டு வந்தா, மைன்ஸுல இருக்கறவங்களத்தான முதல்ல எடுப்பாங்கன்னு சொல்லிக்கினு இருந்தீங்க?"

"இருபத்திரெண்டு வருசமா வராத லிஸ்ட்டு, நான் வெளிய வந்ததும் நாளைக்கே வந்துருமா?" வைத்திலிங்கம் சிரித்தார். "அங்க ஹூட்டரே கெடையாது சார். மயிலு கத்தும். அது கத்தினா ஒதுங்க வேணாம்."

மாணிக்கம்மாள் சிரிக்கவில்லை. டீ கிளாஸை நீட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"நெசத்தச் சொல்லுங்க சார். அன்னிக்கு வாய்க்கா ஓரத்துல நீங்கதான பின்னாடி வந்தீங்க? இவருக்கு புத்தியில எதுனா கோளாறா?"

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப அந்தச் சத்தம்?"

டீ கிளாஸ் சிங்காரவேலின் கையில் சுட்டது. வெளியே வண்டிப் பெட்டிக்குள் சத்தத்துக்கான பதில் இருந்தது. சொன்னால் இப்போது என்ன ஆகும்? போன வேலையைத் திரும்பக் கேட்க முடியாது. மகள் வீட்டுச் சம்பந்தம். ஒன்றுமில்லாததற்காக எல்லாவற்றையும் விட்டேன் என்பது மட்டும்தான் இந்த மனிதருக்குத் தெரியவரும். அது அவருக்கு நல்லதா? இல்லை, தனக்கு நல்லது என்பதால்தான் இப்படித் தோன்றுகிறதா? அவர் அதற்குள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே வைத்திலிங்கம் மனைவியை அதட்டினார்.

"ஏய், சாரு கிட்ட அதையே ஏன் நோண்டற? அவருக்கு எப்பிடித் தெரியும்? அவருக்குத்தான் கேக்கவே இல்லியே."

சிங்காரவேல் டீயைக் குடித்தார். எழும்போது, "ஏதாவது வேணும்னா சொல்லுங்கண்ணே," என்றார்.

"நீங்க செஞ்சதுக்கு நாந்தான் சார் கடன்பட்டுக் கெடக்கறேன். உங்களான்ட இன்னும் என்னத்தக் கேப்பேன்?" என்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார் வைத்திலிங்கம். பிசகிய மணிக்கட்டு இன்னும் லேசாகக் கோணலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது காந்திமதி வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒன்பது மாதம் ஆகிறது. சிங்காரவேல் இன்னும் சொல்லவில்லை. வைத்திலிங்கம் நர்சரி வேலை முடிந்து போகும்போது மாதம் ஒருமுறையாவது இந்த வீட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறார். வரும்போதெல்லாம் பாலிதீன் பையில் ஒரு கன்று. செம்பருத்தி, நந்தியாவட்டை, போன மாதம் ஒரு கொய்யா. சிங்காரவேல் வாங்கி, குழி தோண்டி நடுகிறார். காந்திமதி அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவரேதான் ஊற்றுகிறார்.